பருந்துப் படம் ஒட்டியும் குருவி ஏன் மோதுகிறது?

கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிறது அக்கா வீடு. பின்கூடத்தில் தரையிலிருந்து கூரைவரை ஒரே கண்ணாடி. போன குளிர்காலத்தில் அங்கே தங்கியிருந்தபோது, ஒரு காலையில் அந்தக் கண்ணாடியில் ஒரு புறாவின் அச்சு தெரிந்தது. விரித்த இறக்கை, மார்பு, ஒரு பக்கம் திரும்பிய தலை, எல்லாம் வெள்ளைப் பொடியில். இறகுகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் போலிருந்தது. புறாக்களின் உடலில் சில இறகுகள் நுனி உதிர்ந்து மாவாகிக்கொண்டே இருக்கும். மற்ற இறகுகளுக்கு அந்த மாவுதான் பவுடர். வேகமாக வந்து மோதினால் அது அப்படியே கண்ணாடியில் பதிந்துவிடும். கீழே பனியில் பார்த்தேன், புறாவைக் காணோம்.

அச்சுக்கு இரண்டு சாண் தள்ளி, கறுப்பில் வெட்டிய ஒரு பருந்துப் படம். குருவிகள் பயந்து விலகட்டும் என்று அத்தான் ஒட்டியது. வெளியே, கண்ணாடியிலிருந்து ஆறேழு மீட்டரில் ஒரு கம்பம். அதில் சூரியகாந்தி விதை நிரப்பிய தீனிப்பெட்டி. அங்கே தமிழர்களும் ஃபீடர் என்றுதான் சொல்கிறார்கள். ஊரில் காகத்துக்கு ஒரு பிடி சோறு வைத்துவிட்டுச் சாப்பிட்ட கை, இங்கே சிக்கடி, கார்டினல் போன்ற சின்னப் பறவைகளுக்கு விதை போடுகிறது. எல்லாம் அன்போடு செய்ததுதான். ஆனால் தீனிப்பெட்டி இருந்த தூரம், படம் ஒட்டிய விதம், ஒட்டிய பக்கம் என்று மூன்றும் தப்பு. வட அமெரிக்காவில் தோட்டத்துப் பறவைகளுக்குத் தீனி வைக்கும் கோடிக்கணக்கானோர் வீடுகளில் இதே மூன்று தப்புகளைத்தான் பார்க்கலாம்.

கண்ணாடி என்று ஒரு பொருள் இருப்பது பறவைக்குத் தெரியாது. நமக்கும் பிறவியிலேயே தெரிந்ததில்லை. சட்டம், கைப்பிடி, மேலே ஒட்டிய காகிதம் ஆகியவற்றைப் பார்த்து, இங்கே கண்ணாடி இருக்கிறது என்று ஊகிக்கப் பழகிக்கொண்டோம். அப்படியும் கடைக் கதவில் நெற்றியை இடித்துக்கொள்ளாதவர் குறைவு. பறவைக்கு அந்தப் பழக்கம் வர வாய்ப்பே இல்லை. பகலில் வெளியே வெளிச்சம் அதிகம், அறைக்குள் குறைவு. அதனால் ஜன்னல் முகம் பார்க்கும் கண்ணாடியாகவே ஆகிவிடுகிறது. தோட்டத்து மேப்பிள் மரமும் மேலே வானமும் அதில் நிற்கின்றன. அந்த மரத்தில் போய் உட்காரத்தான் குருவி பறக்கிறது. வீட்டு மூலையில் இரண்டு கண்ணாடிகள் சேரும் இடத்திலோ, எதிரெதிர் ஜன்னல்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கும் இடத்திலோ வேறு விதமான ஏமாற்று நடக்கிறது. அங்கே அந்தப் பக்கத்துப் பச்சை இந்தப் பக்கமே தெரியும், நடுவில் வழி இருப்பதாகத் தோன்றும். திரைச்சீலையை மூடினால் இந்த இரண்டாவது ஏமாற்று குறையும். முதலாவது குறையாது, ஏனென்றால் பிம்பம் கண்ணாடியின் வெளிமுகத்தில் விழுகிறது.

சிறு பறவைகளின் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எந்தப் பக்கத்திலிருந்து எதிரி வந்தாலும் தெரிய அது வசதி. ஆனால் இரண்டு கண்ணும் சேர்ந்து நேர் முன்னால் பார்க்கும் பரப்பு குறுகலானது.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். நிலைக்கண்ணாடியைக் கொத்திக்கொண்டே இருக்கும் சிட்டுக்குருவியையும், பைக்கின் பக்கக் கண்ணாடியோடு மல்லுக்கு நிற்கும் தேன்சிட்டையும் நம் ஊரில் பார்த்திருப்பீர்கள். வட அமெரிக்காவில் வசந்தம் வந்தால் ராபினும் கார்டினலும் இதையே செய்யும். அது வேறு சங்கதி. இனப்பெருக்கக் காலத்தில் தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் வந்துவிட்டது என்று தன் பிம்பத்தோடேயே அது சண்டை போடுகிறது. களைத்துப்போகும், நம் தூக்கத்தைக் கெடுக்கும், சாவது அரிது. நாம் பேசுவது முழு வேகத்தில் வந்து மோதுகிற மோதலைப் பற்றி.

இதை ஒரு வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் டேனியல் கிளெம். 1974-இல் தெற்கு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராகத் தொடங்கினார், பிறகு பென்சில்வேனியாவில் மூலன்பெர்க் கல்லூரியில் பேராசிரியராக இருந்து தொடர்ந்தார். மோதி விழுந்த பறவைகளை அறுத்துப் பார்த்தவர், ஒரு பழைய நம்பிக்கையை உடைத்தார். கண்ணாடியில் மோதினால் கழுத்து முறிந்து சாகிறது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அவர் கண்டது தலைக்குள் இரத்தக்கசிவு. இந்த வித்தியாசம் முக்கியமானது. கழுத்து முறிந்த பறவை அங்கேயே விழும். மூளையில் இரத்தம் கசியும் பறவை கொஞ்ச நேரம் தடுமாறி உட்கார்ந்துவிட்டுப் பறந்துபோகும். ‘நல்ல வேளை, ஒன்றும் ஆகவில்லை’ என்று நாம் காபி குடிக்கப் போய்விடுவோம். அது நாலு வீடு தள்ளி ஒரு புதருக்குள் செத்துக் கிடக்கும். ஜன்னலடியிலேயே விழுந்தவற்றையும் பூனையோ ரக்கூனோ காகமோ விடிவதற்குள் தூக்கிக்கொண்டு போய்விடும். அக்கா வீட்டுப் புறா என்ன ஆயிற்று என்பதை நான் இதை வைத்துத்தான் ஊகிக்கிறேன்.

அமெரிக்காவில் ஒரு கட்டடத்துக்கு ஆண்டுக்கு ஒன்றிலிருந்து பத்துப் பறவை என்று வைத்து, ஆண்டுக்கு 10 கோடியிலிருந்து 100 கோடி வரை சாகலாம் என்று 1990-இல் கிளெம் கணக்குப் போட்டார். பலர் நம்பவில்லை. 2014-இல் ஸ்காட் லாஸும் உடன் ஆய்வாளர்களும் அதுவரை கிடைத்திருந்த தரவுகளை எல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். வந்த விடை 36.5 கோடியிலிருந்து 98.8 கோடி வரை. கிளெமின் வரம்புக்குள்தான் விழுந்தது.

அந்த ஆய்வில் என்னை நிறுத்திய எண் அது இல்லை. வானளாவிய கட்டடங்களின் பங்கு மொத்தத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று அதில் இருந்தது. ஒன்றிலிருந்து மூன்று மாடி வரையுள்ள சாதாரண வீடுகளின் பங்கு 44 சதவீதம். மிச்சம் பள்ளி, அலுவலகம், கடை போன்ற நடுத்தர உயரக் கட்டடங்கள். ஒரு வீட்டில் ஆண்டுக்குச் சுமார் இரண்டு பறவைதான் சாகிறது. அதிலும் ஒன்றைப் பூனை தூக்கிக்கொண்டு போனால் வீட்டுக்காரர் கண்ணில் படுவது ஒன்று. ‘எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் நடப்பதில்லை’ என்று யாரும் சொல்லலாம், மனதறிந்த பொய்யும் இல்லை. ஆனால் அந்த நாட்டில் அப்படிப்பட்ட வீடுகள் 12 கோடிக்கும் மேல்.

செய்தியில் வருவது என்னவோ பெரிய கட்டடங்கள்தான். 2023 அக்டோபர் 5 அன்று விடிந்தபோது சிகாகோவின் மெக்கார்மிக் பிளேஸ் மாநாட்டு மையத்தின் ஒரே கட்டடத்தைச் சுற்றி 950-க்கும் மேற்பட்ட பறவைகள் செத்துக் கிடந்தன. பறவைகள் இடம்பெயரும் வலசைக் காலத்தில் காற்று சரியாக அமைந்த இரவு, ஏரிக்கரை, விளக்கெரியும் கண்ணாடிச் சுவர். அங்கே ஃபீல்ட் அருங்காட்சியகத்தின் டேவிட் வில்லார்ட் 1978-இலிருந்து விழும் பறவைகளைப் பொறுக்கி அளந்து வைத்துக்கொண்டிருந்தார். சிகாகோவில் அப்படிச் சேர்ந்த எழுபதாயிரத்துச் சொச்சம் பறவைகளின் அளவுகளை வைத்து, நாற்பது ஆண்டுகளில் வலசைப் பறவைகளின் உடல் சிறுத்தும் இறக்கை சற்று நீண்டும் வந்திருக்கின்றன என்று 2019-இல் ஒரு ஆய்வு வந்தது. பருவநிலை மாற்றத்துக்குக் கிடைத்த இந்தச் சான்று குப்பைக்குப் போயிருக்க வேண்டிய உடல்களிலிருந்து வந்தது. சரி, அந்தக் கட்டடத்துக்கு என்ன செய்தார்கள்? 2024 கோடையில் கண்ணாடி முழுக்கச் சிறு புள்ளிகள் கொண்ட படலத்தை ஒட்டினார்கள். அந்த இலையுதிர்காலத்தில் சாவு ஏறக்குறைய 95 சதவீதம் குறைந்தது. வீட்டுக்கும் பாடம் அந்தப் புள்ளிகளில்தான் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

முதலில் தீனிப்பெட்டி. அது சாவைக் கூட்டுகிறதா? கூட்டுகிறது, மறைக்க வேண்டியதில்லை. கனடாவின் அல்பெர்ட்டா மாகாணத்தில் 43 வீடுகளின் 55 ஜன்னல்களை எடுத்துக்கொண்டு ஜஸ்டின் கம்மரும் எரின் பேனும் ஒரு சோதனை செய்தார்கள். ஒவ்வொரு ஜன்னல் அருகிலும் கொஞ்ச காலம் தீனிப்பெட்டி, அதே அளவு காலம் வெறுமை. தீனி இல்லாத காலத்தில் 51 மோதல், இருந்த காலத்தில் 94. ஏறக்குறைய இரண்டு மடங்கு. முற்றத்தில் பத்துக் குருவி இருக்கும் இடத்தில் ஐம்பது வந்தால் மோதலும் கூடத்தான் செய்யும்.

தீனிப்பெட்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கிளெமின் குழு 2004-இல் வெளியிட்ட சோதனையில், கண்ணாடியிலிருந்து 1 மீட்டரில் தீனி வைத்தபோது சாவு மிகக் குறைவாக இருந்தது. 5, 10 மீட்டருக்குத் தள்ளியபோது ஏறியது. கேட்பவர்களுக்கு இது தலைகீழாகப் படும். கண்ணாடி ஆபத்து என்றால் தள்ளித்தானே வைக்க வேண்டும்? ஆனால் கணக்கு வேகத்தில் இருக்கிறது. விதையைக் கவ்விக்கொண்டு கிளம்பும் சிக்கடிக்கு 1 மீட்டருக்குள் வேகம் பிடிக்க நேரமில்லை. மோதினாலும் சிறகு படபடத்து விலகிவிடும். ஆறேழு மீட்டரில் முழு வேகம் பிடித்துவிடும். வேகம் மூன்று மடங்கானால் அடி ஒன்பது மடங்காகும். போதாததற்கு, தீனிப்பெட்டி இருக்கும் முற்றத்துக்குக் கூப்பர் வல்லூறும் வாடிக்கையாளர்தான். அது நுழைந்த நொடியில் ஜுன்கோ, ஃபிஞ்ச், புறா எல்லாம் நாலு திசையிலும் சிதறும். பதற்றத்தில் பறக்கும் பறவை பிம்பம் எது, மரம் எது என்றா பார்க்கும்?

‘ஒன்று 1 மீட்டருக்குள் வை, இல்லையென்றால் 10 மீட்டருக்கு அப்பால் வை’ என்று பல கையேடுகள் சொல்கின்றன. முதல் பாதி எனக்குச் சம்மதம். கண்ணாடியிலேயே ரப்பர் கிண்ணத்தால் ஒட்டிக்கொள்ளும் தீனிப்பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன, பறவையைக் கிட்டத்தில் பார்க்கவும் அதுதான் வசதி. இரண்டாம் பாதியில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. கிளெம் சோதித்த 10 மீட்டரே ஆபத்துக் கணக்கில் சேர்ந்தது. தவிர, ஸ்கார்பரோ மாதிரி இடங்களில் எத்தனை முற்றத்தில் அதற்கு மேல் தூரம் கிடைக்கும்? வேலியைத் தாண்டினால் அடுத்த வீட்டு ஜன்னல்.

தீனிப்பெட்டியை ஒரேயடியாக எடுத்துவிடலாமே என்று அக்கா கேட்டாள். எடுத்தால் மோதல் குறையும், நிற்காது. அல்பெர்ட்டாவில் அந்த 51 மோதல் தீனியே இல்லாமல் நடந்தது. வலசையில் வரும் வார்ப்ளர்கள் விதைப்பெட்டிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவை, பூச்சி தின்பவை, அவையும் மோதுகின்றன. சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வரும் செம்மிடற்று ஹம்மிங்பேர்ட் மூன்று கிராம் எடையில் மெக்சிகோ வளைகுடாவைத் தாண்டி வருகிறது; கண்ணாடியில் அதிகம் அடிபடும் இனங்களில் அதுவும் ஒன்று. அதனால் தீனியை நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் கண்ணாடியைக் கவனிக்காமல் முடியாது.

பருந்துப் படத்துக்கு வருவோம். உண்மையான வல்லூறு நகரும், பாயும், திடீரென்று வரும். ஜன்னலில் ஒட்டிய பருந்து ஒரே இடத்தில் மாதக்கணக்கில் தொங்குகிறது. குருவிக்கு அது பருந்தே இல்லை, ஏதோ ஒரு தடை. தடை என்றால் விலகிப் பறக்க வேண்டும், அவ்வளவுதான். விலகிய இடத்தில் வானம் தெரிகிறது. கிளைகளுக்கு நடுவே புகுந்து போவது அதன் அன்றாட வேலை. ஒரு படத்தைச் சுற்றிக்கொண்டு போவது ஒரு பெரிய விஷயமா? அக்கா வீட்டுப் புறாவும் படத்தை ஒழுங்காகத் தவிர்த்திருக்கிறது. தவிர்த்து, இரண்டு சாண் தள்ளி மோதியிருக்கிறது.

ஆக, வேண்டியது பயமுறுத்தும் உருவம் ஒன்று இல்லை. ‘இங்கே நுழைய இடமில்லை’ என்று கண்ணாடி முழுக்கச் சொல்லும் குறிகள் வேண்டும். அந்தக் குறிகளுக்கு இடையே எவ்வளவு இடம் விடலாம்? படுக்கைக் கோடுகள் என்றால் 2 அங்குலம், நெடுங்கோடுகள் என்றால் 4 அங்குலம் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். ஹம்மிங்பேர்ட் போன்ற சின்ன உயிர்களுக்கு அது போதவில்லை என்பதால் இப்போது எல்லாப் பக்கமும் 2 அங்குலம், அதாவது 5 சென்டிமீட்டர் என்கிறார்கள். கனடா 2019-இல் வெளியிட்ட பறவைக்கு உகந்த கட்டட வடிவமைப்புத் தரநிலையிலும் இடைவெளி 5 சென்டிமீட்டர்தான். குறி பெரிதாக இருக்க வேண்டியதில்லை. சுமார் 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள புள்ளி போதும், உள்ளேயிருந்து பார்க்கும்போது இரண்டு நாளில் கண் மறந்துவிடும்.

இப்படிப்பட்ட வடிவங்களைச் சோதிக்கப் பென்சில்வேனியாவில் பவ்டர்மில் பறவை ஆய்வு மையத்தில் ஒரு சுரங்கம் வைத்திருக்கிறார்கள். ஒரு முனை இருட்டு. மறுமுனையில் இரண்டு கண்ணாடி, ஒன்றில் குறி, மற்றதில் ஒன்றுமில்லை. பறவையை இருட்டு முனையில் விட்டால் வெளிச்சத்தை நோக்கிப் பறக்கும். மோதுவதற்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வலை தாங்கிக்கொள்ளும். எந்தக் கண்ணாடிப் பக்கம் திரும்பியது என்று குறித்துக்கொண்டு வெளியே விட்டுவிடுவார்கள். கடையில் ‘பறவைக்குப் பாதுகாப்பானது’ என்று அச்சடித்து விற்பவை எல்லாம் இப்படிச் சோதித்துப் பார்த்தவை என்று நினைத்துவிட வேண்டாம்.

எந்த முகத்தில் ஒட்டுகிறோம் என்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். குளிரில் வெளியே ஏணி போட யாருக்குப் பிடிக்கும்? உள்ளேயே ஒட்டிவிடுகிறார்கள், அத்தானும் அப்படித்தான். வெளிமுகத்தில் பிம்பம் பளீரென்று இருக்கும்போது உட்புறம் ஒட்டியது அதன் பின்னால் மறைந்துபோகும். ஜான் ஸ்வாடில் என்ற ஆய்வாளரின் குழு 2023-இல் இதைச் சோதித்துக் காட்டியது. வெளியே ஒட்டியபோது மோதலைக் குறைத்த அதே படலங்கள் உள்ளே ஒட்டியபோது பலன் தரவில்லை.

காசு அதிகம் போடாமல் செய்ய வேண்டும் என்றால் என் வாக்கு கயிறுகளுக்கு. பென்சில்வேனியாவில் அகோபியன் பேர்ட்சேவர்ஸ் என்ற பெயரில் விற்கிறார்கள், வீட்டிலேயே செய்துகொள்ளும் முறையையும் அவர்களே சொல்லித்தருகிறார்கள். ஜன்னலுக்கு மேலே வெளியில் ஒரு சட்டம். அதிலிருந்து 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள பாராசூட் கயிறுகளைச் சுமார் 10 சென்டிமீட்டருக்கு ஒன்றாக (நெடுங்கோடுகளுக்கான பழைய 4 அங்குலக் கணக்கு இது) தொங்கவிட வேண்டும், கீழ்முனையைக் கட்டாமல். காற்றில் லேசாக ஆடும். அத்தானின் இரண்டரை மீட்டர்க் கண்ணாடிக்கு 26 கயிறு ஆயிற்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும். ஏதோ கடை வாசலில் தொங்கவிடுகிற மணித்திரை மாதிரி இருக்கிறது என்று அக்கா முணுமுணுத்தாள். தீனிப்பெட்டி கம்பத்திலிருந்து கண்ணாடிக்கே இடம் மாறிவிட்டது.

அதைவிட எளியது ஒன்று உண்டு, கொசுவலை. ஜன்னலுக்கு வெளிப்புறம் இறுக்கமாகப் பொருத்திய வலை பிம்பத்தையும் மங்கவைக்கும், மோதினாலும் மெத்தை மாதிரி தாங்கும். அங்கே பலர் கோடையில் மாட்டிவிட்டுக் குளிரில் வெளிச்சம் வேண்டும் என்று கழற்றி வைத்துவிடுகிறார்கள். தீனிப்பெட்டியில் கூட்டம் அலைமோதுவது குளிர்காலத்தில்தான்! தீனிப்பெட்டிப் பக்கத்து ஜன்னலிலாவது கழற்றாமல் விடலாம். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் போஸ்டர் வண்ணத்தில் வெளியே கோடு போடச் சொல்லலாம், சோப்புக்கட்டியால்கூடக் கிறுக்கலாம். மழையில் அழிந்தால் மறுபடி. புற ஊதா ஒளியில் மட்டும் தெரியும் ஸ்டிக்கர்களை நம்பி உட்கார வேண்டாம் என்பேன். பாட்டுப் பறவைகள் பலவற்றுக்கு அந்த ஒளி தெரியும், உண்மைதான். ஆனால் புறா, வல்லூறு போன்றவற்றின் கண்ணுக்கு அவ்வளவு தெரியாது. ஸ்டிக்கர் வெயிலில் வெளுத்தும் போகும், வெளுத்தது நம் கண்ணுக்குத் தெரியவும் செய்யாது.

இது குளிர்நாட்டுப் பிரச்சினை என்று ஒதுக்கவும் முடியாது. டொராண்டோவில் 1993-இலிருந்து ஃபிளாப் என்ற அமைப்பின் தன்னார்வலர்கள் விடிவதற்கு முன்பே தெருவில் பறவை பொறுக்கப் போகிறார்கள் என்றால், சிங்கப்பூரிலும் ஆய்வாளர்கள் மோதி விழுந்த பறவைகளைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். அங்கே அதிகம் விழுபவற்றில் ஒன்று மரகதப் புறா, தமிழ்நாட்டின் மாநிலப் பறவை. தாழ்வாக, நேர்க்கோட்டில், விர்ரென்று பறக்கும் பழக்கம் காட்டுக்குள் சரி, கண்ணாடிக்கு முன்னால் சரிப்படாது. இன்னொன்று நம் ஆறுமணிக் குருவியின் உறவான நீலச்சிறகுப் பிட்டா. ஆறுமணிக் குருவியும் வலசை நேரத்தில் களைத்துப்போய் நம் ஊர் வீடுகளுக்குள் வந்து விழுவது தெரிந்த கதை. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் கண்ணாடி போர்த்திய அலுவலகங்களின் அடியில் காலையில் என்ன கிடந்தது என்று பெருக்குகிறவர்களைத்தான் கேட்க வேண்டும்.

அப்புறம், மோதி விழுந்து உயிரோடு கிடக்கும் பறவை. அமெரிக்காவின் வடகிழக்கில் மீட்பு மையங்களுக்கு வந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகளின் பதிவேடுகளைப் பார்த்து 2024-இல் வந்த ஆய்வின்படி, அவற்றில் சுமார் 60 சதவீதம் பிழைக்கவில்லை. சிகிச்சை கிடைத்தவற்றின் கதியே இது. அதனால் பக்கத்தில் மீட்பு மையம் இருந்தால் காத்திருக்காமல் அங்கே கொண்டுபோவதே மேல். அதுவரை ஒரு காலணிப் பெட்டி போதும். மூடியில் சில ஓட்டை, அடியில் மெல்லிய துணி. தண்ணீர் ஊட்டக் கூடாது; அரை மயக்கத்தில் இருப்பதற்கு மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். தடவிக்கொடுக்கவும் கூடாது, அதற்கு நாம் கொடிய மிருகம். சூடோ குளிரோ அதிகம் இல்லாத, சத்தமில்லாத மூலையில் இருட்டில் இருக்கட்டும். வீட்டுக்குள் திறந்து பார்க்க வேண்டாம். மையம் எதுவும் இல்லாத இடமாக இருந்து, ஒரு மணி நேரம் கழித்து உள்ளே துறுதுறுவென்று சத்தம் கேட்டால் பெட்டியை வெளியே எடுத்துப் போங்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று, மரம் இருக்கும் பக்கமாக மூடியைத் திறங்கள்.